பழைய காருக்கு ரப்பர் புஷ்ஷா, பாலியூரிதேனா?

பள்ளத்தில் இறங்கும்போது முன்பக்கம் ‘டொக்’கென்று சத்தம் வருகிறதா? சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கைதான் கன்ட்ரோல் ஆர்ம்; அதன் மூட்டில் மெத்தைபோல இருக்கும் புஷ்ஷில் டார்ச் அடித்துப் பாருங்கள். ரப்பர் வெடித்து, நடுக்குழாய் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தால் மாற்றியே ஆக வேண்டும். அப்புறம்தான் கேள்வி: பழையபடி ரப்பரா, பாலியூரிதேன் என்ற கெட்டியான பிளாஸ்டிக்கா?

ரப்பர் புஷ்ஷில் உள்குழாயோடும் வெளிக்குழாயோடும் ரப்பர் ஒட்டியே இருக்கும். ஆர்ம் அசைந்தால் அது வழுக்காது, முறுக்கிக்கொள்ளும். அதனால் வண்டியை ஜாக்கில் தூக்கிச் சக்கரம் தொங்கும்போது போல்ட்டை முழுதாக இறுக்கக் கூடாது; இறக்கியதும் ரப்பர் முறுக்கியபடியே நிற்கும். வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகே கடைசி இறுக்கு. இதை மறந்து புதுப் புஷ்ஷை ஒரே வருடத்தில் கிழித்தவன் நான்.

பாலியூரிதேன் பெரும்பாலும் குழாயைச் சுற்றி வழுக்கும் வகை, அந்தத் தொல்லை இல்லை. பல புஷ்கள் இரண்டு துண்டாக வருவதால் ப்ரெஸ் (அழுத்தும் இயந்திரம்) இல்லாமல் கையாலேயே அமுக்கிவிடலாம். எண்ணெய் பட்டாலும் ரப்பரைப்போல ஊறிப்போகாது, ஸ்டியரிங்கும் கூர்மையாகும். ஆனால் சிலிக்கான் கிரீஸ் தடவாமல் விட்டால் கீச்கீச்தான். சாலையின் ஒவ்வொரு சொரசொரப்பும் இருக்கைவரை ஏறிவரும். பல திசைகளில் நெளிய வேண்டிய இடத்தில் போட்டால் ஆர்மை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

நான் வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பியான ஆன்டி ரோல் பாருக்கு மட்டும் பாலியூரிதேன் போடுவேன், மற்ற இடமெல்லாம் ரப்பர்தான். பழைய வண்டியின் மெத்தென்ற ஓட்டமே அதில்தான் இருக்கிறது. ஆனால் பல வருடம் அலமாரியில் கிடந்த ‘ஒரிஜினல்’ ரப்பரை வாங்காதீர்கள். பயன்படுத்தாமலே அது இறுகியிருக்கும்.