ஊட்னடாட்டா தடத்திற்கு எது ஏற்றது: கேம்பர் டிரெய்லரா, கூரைக் கூடாரமா?

தென் ஆஸ்திரேலியாவில் மர்ரீ என்ற சிற்றூரிலிருந்து மார்லா வரை ஏறத்தாழ 620 கிலோமீட்டர் செல்லும் ஊட்னடாட்டா மண்சாலையில் நாங்கள் இருமுறை பயணம் செய்திருக்கிறோம். முதல் முறை, வண்டியின் பின்னால் பூட்டி இழுக்கும், விரித்தால் கூடாரமாகும் கேம்பர் டிரெய்லர் ஒன்றை வாடகைக்கு எடுத்துச் சென்றோம். இரண்டாம் முறை வண்டிக் கூரையின்மேல் பொருத்திய கூடாரத்துடன் சென்றோம். டிரெய்லர் வாங்கச் சேர்த்துவைத்திருந்த பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு இறுதியில் கூரைக் கூடாரத்தை வாங்கியவன் எழுதுவது இது; ஆகவே நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

டிரெய்லரில் இடம் தாராளம், விலையும் அதிகம். கூரைக் கூடாரத்தில் மூவர் படுத்தால் நெருக்கடி. இவை கடையிலேயே தெரிந்துவிடும். டிரெய்லர் இழுத்தால் எரிபொருள் கூடுதலாகச் செலவாகும் என்றாலும், வில்லியம் க்ரீக்கிலும் ஊட்னடாட்டாவிலும் பங்க் இருப்பதால், சுமார் 200 கிலோமீட்டருக்கு ஒருமுறை நிரப்பிக்கொள்ளலாம்.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்புதான். இந்தச் சாலையின் மேற்பரப்பு பல இடங்களில் நெளிதகரத்தைப் போல வரிவரியாக மேடுபள்ளமாகக் கிடக்கும். அந்த அதிர்வு மணிக்கணக்கில் தொடரும்போது, வண்டியின் நான்கு சக்கரங்களோடு டிரெய்லரின் இரண்டு சக்கரங்களும், அவற்றின் பேரிங்குகளும், லீஃப் ஸ்பிரிங்கும், பிரேக் ஒயரும் சேர்ந்து அடிவாங்குகின்றன. டயரில் காற்றைக் குறைத்து, வேகத்தையும் குறைத்தால் அதிர்வு தணியும், நின்றுபோகாது. பின்டயர்கள் எறியும் கற்கள் டிரெய்லரின் முகப்பில் பட்டுத் திரும்பி, வண்டியின் பின்கண்ணாடியையே உடைப்பதும் உண்டு.

பேரிங் சூடேறியிருக்கிறதா என்று அறிய, நிற்கும் இடமெல்லாம் டிரெய்லர் சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பில் புறங்கையை வைத்துப் பார்ப்பது வழக்கம். பின்னாளில் கான் என்ற பயணிகள் ரயில் ஓடிய, 1892இல் கட்டி முடிக்கப்பட்ட 578 மீட்டர் நீள ஆல்ஜிபக்கினா இரும்புப் பாலத்தருகே இறங்கியபோது, இடப்பக்க ஹப்பில் கை வைக்க முடியவில்லை; ரிம்மின் உட்புறம் முழுவதும் கிரீஸ் உருகித் தெறித்து, அதன்மேல் செம்மண் அப்பியிருந்தது. மாற்று பேரிங் கையிருப்பில் இருந்ததாலும், அங்கே முகாமிட்டிருந்த முதியவர் ஒருவர் உதவியதாலும் மூன்று மணி நேரத்தில் மீண்டோம். ஊர் திரும்பிய பிறகு மூலைமுடுக்கெல்லாம் புகுந்திருந்த மாவு போன்ற புழுதியைத் துடைத்தெடுக்க இரண்டு வார இறுதிகள் போயின. சொந்த டிரெய்லராக இருந்தால் இதனுடன் பேரிங்கைக் கழற்றிக் கிரீஸ் வைப்பதும், ஆண்டுதோறும் பதிவுக் கட்டணம் கட்டுவதும் சேரும்.

கூரைக் கூடாரத்தின் பராமரிப்போ, அன்றாடம் மாலையில் கூடாரத்தைக் கூரையோடு பிணைக்கும் போல்ட்டுகளை ஸ்பேனரால் இறுக்குவதும், வீடு திரும்பியதும் துணியை விரித்துக் காயவைப்பதும் மட்டுமே. இறுக்குவதை அலட்சியம் செய்யக் கூடாது; இரண்டாம் நாளே ஒரு போல்ட் அரைச்சுற்று தளர்ந்திருந்தது. வாங்குமுன், ஓடும் வண்டியின் கூரை எவ்வளவு எடை தாங்கும் என்பதைக் கையேட்டில் பார்த்துவிட வேண்டும். அந்த அளவில் கூடாரத்தின் எடையோடு கேரியரின் எடையும் அடங்கும்.

டிரெய்லர் தெளிவாக வெல்லும் இடமும் ஒன்று உண்டு. பேரீச்ச மரங்களும் வெதுவெதுப்பான ஊற்றுநீர்த் தொட்டியும் உள்ள கவர்ட் ஸ்பிரிங்ஸில் இரண்டு இரவுகள் தங்கியபோது, டிரெய்லரை அங்கேயே விட்டுவிட்டு, அருகிலுள்ள பப்ளர் ஊற்றுக்கும் ஏர் (Eyre) என்ற உப்பேரியின் தென்பகுதியைக் காணவும் வெறும் வண்டியில் போய்வந்தோம். மறுமுறை அதே இடங்களுக்குக் கூடாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது. மடிக்கப் பத்து நிமிடம்தான். ஆனால் ஜூலை மாதக் குளிரில், விறைத்த விரல்களோடு, தேநீர்கூடக் குடிக்காமல் செய்யும்போது அது நீளும். நள்ளிரவில் ஏணியிறங்குவதும் சுகமான காரியமன்று.

இரண்டு பயணங்களிலும் மழை பெய்யவில்லை. ஆகவே புயல்மழையில் எந்தத் துணி தாங்கும் என்று என்னால் சொல்ல இயலாது. மழை பெய்தால் இந்தச் சாலையையே மூடிவிடுவார்கள் என்பது வேறு. கோடையைப் பற்றியும் எனக்கு அனுபவமில்லை. 1960 ஜனவரியில் 50.7 பாகை செல்சியஸ் பதிவான ஊட்னடாட்டாவில் அதைத் தேடிப்போகும் எண்ணமும் இல்லை. ஏணியேறத் தெரியாத சிறு குழந்தைகள் உள்ளவர்களும், ஓரிடத்தில் மூன்று நான்கு நாள் தங்குபவர்களும் டிரெய்லரையே எடுக்கலாம். முதலில் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். புறப்படுமுன் அதன் பேரிங் அளவைக் கேட்டு, மாற்று ஒன்றை வாங்கி வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.