மாவு புளிக்கும் மூலையில் மிளகாய் முளைக்கும்

ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் வார்க்கும் ஞாயிற்றுக்கிழமைகளில், தென்னாப்பிரிக்காவில் ஜோஹானஸ்பர்க்கைச் சேர்ந்த லெனேசியாவில் எங்கள் கொல்லைப்புறப் புல் விடியும்போது வெள்ளை பூத்துக் கிடக்கும். உறைபனி. ஜோஹானஸ்பர்க் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜூலை இரவுகளில் வெப்பம் 4 டிகிரிக்கு இறங்குவது வழக்கம். "ஆடிப்பட்டம் தேடி விதை" என்று சொன்ன முன்னோர் தமிழ்நாட்டு மழையை மனத்தில் வைத்துச் சொன்னார்கள். பூமத்திய ரேகைக்குத் தெற்கே ஆடி நடுக்குளிர்காலம்.

ஆனாலும் நான் ஆடியில்தான் விதைக்கிறேன், வீட்டுக்குள். இங்கே கடைசி உறைபனி செப்டம்பர் முதல் பாதிவரை வரக்கூடும். மிளகாயும் கத்தரியும் விதைத்த நாளிலிருந்து நடவுக்குத் தயாராக எட்டு முதல் பத்து வாரம் ஆகும். புரட்டாசியில், வீட்டில் கவிச்சி நிறுத்தும் நாள்களில், நாற்றுகள் மண்ணுக்குப் போக வேண்டுமென்றால் ஜூலைக் கடைசியிலேயே விதை முளைத்திருக்க வேண்டும். தாமதித்து விதைத்தால் காய்ப்பு சூடுபிடிக்கும்போது அடுத்த குளிர் வாசலில் நிற்கும்.

இதற்கென்று மின்சார வெப்பப் பாய் கடையில் கிடைக்கிறது. விலை பல நூறு ரேண்ட். அது இல்லாமலே முடியும். வீட்டில் சூடு தங்கும் இடங்கள் ஒவ்வொன்றிலும் தெர்மாமீட்டர் வைத்து நான்கு குளிர்காலமாகப் பார்த்து வருகிறேன். எல்லா இடத்துக்கும் நான் வைக்கும் கேள்வி ஒன்றுதான்: விடியற்காலை ஐந்து மணிக்கு அங்கே எவ்வளவு சூடு?

அந்தக் கேள்வி ஏன் முக்கியம் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. மிளகாய் விதை 15 டிகிரி மண்ணில் முளைக்க ஏறத்தாழ 25 நாள் எடுக்கும். 20 டிகிரியில் 12 நாள். 25 டிகிரியில் எட்டு, ஒன்பது நாள். கத்தரியும் ஏறக்குறைய இதே வழிதான். 30 டிகிரி கிடைத்தால் ஐந்தாறு நாளில் எழுந்துவிடும். தக்காளி பொறுமைசாலி, 15 டிகிரியிலும் இரண்டு வாரத்தில் வந்துவிடும். குளிரில் 25 நாள் ஈரத்தில் கிடக்கும் மிளகாய் விதையில் பாதி முளைக்கும் முன்பே அழுகிப்போகிறது. ஆகவே சூடு என்பது வேகத்துக்காக மட்டும் இல்லை, விதை பிழைப்பதற்காகவும்தான்.

முதலில் எல்லோரும் தேடுவது ஜன்னல். இங்கே வடக்குப் பார்த்த ஜன்னல் வேண்டும். தென்கோளத்தில் சூரியன் வடக்குச் சாய்வாகத்தான் போகிறது. ஜோஹானஸ்பர்க் குளிர்காலத்தில் மழை அரிது, வானம் நாள் முழுதும் தெளிந்திருக்கும். மதியம் இரண்டு மணிக்கு என் ஜன்னல் மேடைத் தட்டில் மண் 28 டிகிரி காட்டியது. மனம் குளிர்ந்தது. மறுநாள் விடியலில் அதே தட்டு 8 டிகிரி. இரண்டையும் கூட்டிப் பார்த்தால் சராசரி 18-ஐத் தாண்டவில்லை. இன்னொரு சங்கடமும் உண்டு: பகல் வெயிலில் மேல்மண் சுருக்கென்று காய்ந்துவிடும். ஊறி விழித்த விதை ஒருமுறை வறண்டால் திரும்பிப் பிழைப்பதில்லை. தக்காளிக்கு ஜன்னல் போதும். மிளகாய்க்கும் கத்தரிக்கும் அதை முளைக்கும் இடமாக நம்பாதீர்கள். முளைத்த பிறகு அதைவிட நல்ல இடம் கிடையாது.

ஃபிரிட்ஜின் மேல்தளம் பழைய மாடல்களுக்குச் சரி. புதியவற்றில் சூடு பக்கச் சுவர் வழியாகப் போய்விடுகிறது. மேலே கை வைத்தால் அறைச்சூடுதான். கீசர் அலமாரி உள்ள பழைய வீட்டுக்காரர்கள் பாக்கியசாலிகள், ஆனால் இந்த ஊரில் கீசர் பெரும்பாலும் கூரைக்குள் படுத்திருக்கிறது. தொலைக்காட்சி டிகோடர் மெல்லிய சூடு தரும் என்பது உண்மை. ஒரு சிறு பொட்டலத்துக்கு மேல் அங்கே இடமில்லை. ஈரத் துணியை மின்சாரப் பெட்டிமேல் வைக்கும் பழக்கத்தை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். ரைஸ் குக்கரின் 'வார்ம்' நிலை 60 டிகிரியைத் தாண்டும். அதில் விதை வெந்துவிடும்.

உண்மையான போட்டி இரண்டுக்குள்தான்: விளக்கு எரியும் ஓவன் (மின்சாரச் சமையல் அடுப்பு), வெந்நீர் வைத்த கூலர் பெட்டி. இரண்டையும் நான் கண்டுபிடிக்கவில்லை. குளிர்காலத்தில் இட்லி மாவு பொங்காமல் திண்டாடிய எங்கள் ஆயா கண்டுபிடித்தது. மாவு புளிக்கத் தேவைப்படுவதும் 28, 30 டிகிரிதான். உங்கள் வீட்டில் ஜூலை மாதத்தில் மாவு எந்த மூலையில் பொங்குகிறதோ, அந்த மூலையில் மிளகாய் முளைக்கும். தனியாகத் தெர்மாமீட்டர்கூட வேண்டாம், மாவுப் பானையே அளவுகோல்.

ஓவனுக்குள் விளக்கை மட்டும் போட்டுக் கதவை மூடினால், பழைய இழை பல்பாக இருந்தால், ஓரிரு மணி நேரத்தில் 30 டிகிரியைத் தொடும். எல்.இ.டி. விளக்கு உள்ள ஓவனில் இந்த வேலை நடக்காது. இரவெல்லாம் ஒரே சீராக நிற்பது இதன் பெருமை. வேறெந்த இடமும் இவ்வளவு சமமான சூட்டைத் தரவில்லை. குறை இரண்டு. மின்சாரம் நின்றால் சூடும் நிற்கும். 2023-இல் சில நாள்களில் பத்து மணி நேரம்வரை மின்வெட்டு இருந்ததே, அந்தக் குளிர்காலத்தில் நான் ஓவனை நம்பிக் கெட்டேன். இரண்டாவது, ஓவன் சமைப்பதற்கான பொருள். உள்ளே விதை இருப்பது தெரியாமல் வீட்டில் ஒருவர் 200 டிகிரிக்குத் திருகிவிட்டார். ஆயா கைப்பட எடுத்துவைத்த கத்தரி விதை முப்பதும் போயின. அந்த வகை இன்று எங்கள் யாரிடமும் இல்லை. ஓவனில் வைப்பவர்கள் திருகின்மேல் காகிதம் ஒட்டிவிடுங்கள்.

கூலர் பெட்டிக்கு மின்சாரம் வேண்டாம். இரண்டு லிட்டர் குளிர்பானப் போத்தல் இரண்டில் கை பொறுக்கும் வெந்நீர், ஏறத்தாழ 50 டிகிரி, நிரப்புங்கள். கொதிநீர் ஊற்றினால் போத்தல் சுருங்கிவிடும். பெட்டியின் இரு பக்கமும் போத்தலை நிறுத்தி, நடுவே துண்டு விரித்து, அதன்மேல் விதை டப்பா. டப்பா போத்தலைத் தொடக் கூடாது. 40 டிகிரிக்கு மேல் போனால் விதைக்குக் கேடு. மூடியை மூடினால் இரவு ஏழு மணிக்கு 31 டிகிரி, விடியற்காலை ஐந்துக்கு 23. காலையும் மாலையும் நீர் மாற்றும்போது பெட்டிக்குள் புதுக் காற்றும் போகிறது. விதைக்கும் மூச்சு வேண்டும். வேலைதான் சற்று அதிகம். வெளியூர் போகிற வாரத்தில் நடக்காது.

கூலர் பெட்டிக்குப் பதில் வொண்டர்பேக் வைத்திருப்பவர்கள் அதையே பயன்படுத்தலாம். 2008-இல் சாரா காலின்ஸ் இந்த நாட்டில் உருவாக்கிய, நுரைப்பஞ்சு அடைத்த அந்தப் பை, கொதித்த பானையை அடுப்பில்லாமல் வேகவைக்கச் செய்தது. உள்ளே போன சூட்டைப் பிடித்துவைப்பதே அதன் வேலை. ஒரு போத்தல், ஒரு டப்பா, அதற்குமேல் கொள்ளாது.

இடத்தை விடவும் பெரிய வித்தியாசம் செய்வது முறை. மண் தட்டில் விதைப்பதா, துணியில் முளைகட்டுவதா? பச்சைப்பயறுக்குத் துணி கட்டுகிறோமே, அதே முறை மிளகாய்க்கும் செல்லும். மண் தட்டு பெரியது, கூலர் பெட்டியில் ஒன்றுக்குமேல் வைக்க முடியாது. துணி முடிச்சு எலுமிச்சை அளவு. பத்து வகை விதை ஒரே டப்பாவில் அடங்கும். பழைய வேட்டித் துணியை நனைத்து நீர் சொட்டாமல் பிழிந்து, விதையைப் பரப்பி மடித்து, வகைப் பெயரை மூடியில் எழுதிவிடுவேன். ஆறாம் நாள் காலை துணியைப் பிரித்தால், தட்டையான மஞ்சள் விதையின் ஓரத்தில் பால்பல் போல ஒரு வெள்ளை முனை. அது இரண்டு, மூன்று மில்லிமீட்டர் இருக்கும்போதே மண்ணுக்கு மாற்ற வேண்டும். ஒரு நாள் தாமதித்தால் வேர் துணி இழைக்குள் நுழைந்துகொள்ளும், பிரித்தால் முறியும். நனைத்த பல்குச்சி நுனியில் விதையை ஒற்றி எடுத்து, தயிர்க் கோப்பை மண்ணில் அரை சென்டிமீட்டர் ஆழத்தில் வேர் கீழ்நோக்க வைப்பேன். முளைக்காத விதைக்கு மண் வீணாவதில்லை என்பது துணியின் இன்னொரு இலாபம். நூற்றுக்கணக்கில் நாற்று வேண்டுபவர்களுக்கு மட்டும் மண் தட்டே நல்லது.

கோப்பைக்கு மாறிய பிறகும் பச்சை தலைகாட்டும்வரை இரவுச் சூடு தேவை. அதுவரை கோப்பைகள் பெட்டிக்குள். முளைப்பாரியை இருட்டறையில் வளர்த்தவர்களுக்குத் தெரியும், வெளிச்சமில்லாத முளை வெளுத்து நீண்டுகொண்டே போகும். அம்மனுக்கு அது அழகு, மிளகாய்க்கு அது பலவீனம். தண்டு வளைந்து எழும் அன்றே வடக்கு ஜன்னலுக்கு வந்துவிட வேண்டும். இப்போது 20 டிகிரி போதும். இரவில் கண்ணாடியிலிருந்து இரண்டடி உள்ளே நகர்த்துங்கள். குளிரும் ஈரமும் சேர்ந்தால் நாற்றழுகல் வரும். தண்டு மண்மட்டத்தில் நூலாகச் சுருங்கிச் சாய்ந்துவிடும். அதற்கு மருந்து தேடுவதைவிடத் தண்ணீரைக் குறைப்பது மேல்.

வெண்டைக்கு இத்தனை பாடும் வேண்டாம். வேரைத் தொட்டால் முகம் சுளிக்கும் செடி அது. ஓரிரவு ஊறவைத்து அக்டோபரில் நேரே மண்ணில் ஊன்றுங்கள். பாகல், பீர்க்கு இரண்டுக்கும் தோல் தடிப்பு. நகவெட்டியால் ஓரத்தைச் சிறிது கிள்ளி, துணியில் நான்கைந்து நாள் வைத்து, உறைபனி முடிந்த பிறகு பந்தல் அடியிலேயே இடலாம். டர்பனுக்குப் பக்கத்தில் சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் என் அக்காவுக்கு இந்தக் கவலை எதுவுமில்லை. கடலோரத்தில் பனி விழாது, ஆகஸ்டிலேயே கொல்லையில் தூவிவிட்டு, "இன்னுமா அங்கே துணி கட்டிக்கொண்டிருக்கிறாய்?" என்று தொலைபேசியில் கேட்பாள்.

இந்த ஆண்டு கூழ் வார்த்த இரவில் அக்கா அனுப்பிய மிளகாய் விதை இருபதை முடிந்து பெட்டியில் வைத்தேன். எட்டாம் நாள் பதினேழு வெள்ளை காட்டின. மீதி மூன்றையும் எறியவில்லை. துணியை அலசிப் பிழிந்து, மறுபடி முடிந்து, புது வெந்நீரோடு உள்ளே வைத்திருக்கிறேன்.