உண்ணல் கோளாறுகள் பற்றிய செயலமர்வு: பெற்றோரும் ஆசிரியரும் செல்ல வேண்டிய ஒன்று

பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்குமாக மட்டக்களப்பு நகரில் அண்மையில் நடைபெற்ற, உண்ணல் கோளாறுகள் குறித்த அரைநாள் செயலமர்வில் கலந்துகொண்டேன். கட்டணம் இல்லை, உரை முழுவதும் தமிழிலேயே இருந்தது. குறைகள் சில இருந்தாலும், பதின்ம வயதுப் பிள்ளைகள் உள்ள எவரும் இதற்குச் செல்லலாம் என்பதே என் கருத்து.

உரையாற்றிய மனநல வைத்தியர், உடல் தோற்றத்தைப் பாராமல், உணவை முன்னிட்டு மனத்துக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கொண்டே ஒவ்வொரு கோளாறையும் பிரித்து விளக்கினார். உணவைக் கடுமையாகக் குறைத்துக்கொள்ளும் அனோரெக்சியாவில், எடை கூடிவிடும் என்ற அச்சம் உடல் மெலிந்த பின்னரும் தணிவதில்லை. உயிராபத்து மிகுந்த மனநோய்களுள் அது ஒன்று. 1979 இல் ஜெரால்ட் ரசல் என்ற மருத்துவர் விவரித்த புலிமியாவில், கட்டுப்பாடின்றி உண்பதும் அதனை வாந்தி முதலியவற்றால் ஈடுசெய்ய முயல்வதும் மாறிமாறி நிகழ்கின்றன. எடை பெரும்பாலும் வழமையாகவே இருப்பதால் வீட்டாருக்கு ஐயம் எழுவதில்லை. முன்பற்களின் உட்புறம் அமிலத்தால் அரிக்கப்பட்டிருப்பதைக் கண்டு பல் வைத்தியரே முதலில் கேள்வி எழுப்புவதும் உண்டு. அவ்வாறு ஈடுசெய்யாமல், தனிமையில் அளவுமீறி உண்டு பின்னர் வெட்கத்தால் வாடுவது இன்னொரு வகை. மனநோய்களை வகைப்படுத்தும் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேடு 2013 இல்தான் அதனைத் தனிக் கோளாறாக ஏற்றுக்கொண்டது.

செயலமர்வின் சிறந்த பகுதி விரதம் பற்றியது. வெள்ளிக்கிழமை விரதம் பிடிக்கத் தொடங்கிய மகள் இப்போது வேறு நாட்களிலும் சாப்பிட மறுக்கிறாள் என்று ஒரு தாய் கவலையோடு கூறினார். வைத்தியர் விரதத்தைக் குறை சொல்லவில்லை. "பாரணைக்குப் பிள்ளை ஆசையாக வந்து உட்காருகிறாவா, அல்லது அதற்கும் ஒரு காரணம் சொல்லி விலகுகிறாவா என்று பாருங்கள், அம்மா" என்றார். கந்தசஷ்டியும் நோன்பும் வாழ்வோடு ஒன்றிய நம் மாவட்டத்தில், பக்தியையும் நோயையும் இவ்வளவு மரியாதையோடு பிரித்துக் காட்டிய விளக்கத்தை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

இனிக் குறைகள். எடைக் கவலை ஏதுமின்றி, உணவின் மணத்துக்கோ தன்மைக்கோ அஞ்சி ஒதுக்கும் பிள்ளைகளைப் பற்றியும், மண், பச்சையரிசி போன்றவற்றை விடாமல் உண்ணும் பைக்கா பற்றியும் இறுதியில் அவசரமாகச் சொல்லி முடித்தார்கள். பைக்கா இரும்புச்சத்துக் குறைபாட்டோடும் சேர்ந்து வருவதால், இரத்தப் பரிசோதனையின் தேவையையாவது நிதானமாக விளக்கியிருக்க வேண்டும். அதைவிடப் பெரிய குறை, வந்தவர்களுக்கு வழங்கிய கையேட்டின் அட்டை: எலும்பு தெரியும் ஒரு சிறுமியின் படம். தோற்றத்தைக் கொண்டு முடிவு செய்யாதீர்கள் என்று மேடையில் சொல்லிவிட்டு, கையில் அந்தப் படத்தைக் கொடுத்தனுப்புவது முறையன்று. உள்ளே கலோரி அட்டவணை ஒன்றும் உள்ளது. இந்த நோயோடு போராடும் பிள்ளையின் கையில் அது தீங்காகவே முடியும்.

உதவி பெறும் வழிகளைத் தெளிவாகச் சொன்னார்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவை நாடலாம்; தேசிய மனநல உதவி இலக்கமான 1926 ஐ அழைக்கலாம்; மயக்கமோ நெஞ்சுப் படபடப்போ இருந்தால் காத்திராமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். அடுத்த அமர்வைக் கல்முனையில் நடத்த எண்ணியிருப்பதாக ஏற்பாட்டாளர்கள் தெரிவித்தனர். அதற்கு முன்பாக அட்டைப் படத்தை மாற்றி, கலோரி அட்டவணையை நீக்குமாறு அவர்களிடம் எழுத்து மூலம் கேட்டிருக்கிறேன்.