பாம்புக்கு இரை கொடுக்கும் இடுக்கி: ஆறு மாத அனுபவம்

மதுரை கீழமாசி வீதிப் பக்கம் 650 ரூபாய்க்கு வாங்கிய 40 செ.மீ. எஃகு இடுக்கியால்தான், முறைப்படி பதிவு செய்து வளர்க்கும் என் பால் பைத்தான் (ball python) என்னும் மலைப்பாம்புக்கு இரை கொடுத்து வருகிறேன். உதட்டோரக் குழிகளால் வெப்பத்தை உணரும் அப்பாம்புக்கு, உறைந்த நிலையிலிருந்து வெந்நீரில் இளக்கிய எலியைப் போலவே நம் விரலும் இரையாகத் தெரியலாம் என்பதால், இந்த நீளம் மிகவும் உதவுகிறது.

முனையில் ரப்பர் உறை இல்லாதது பெருங்குறை. ஒருமுறை பாம்பு பாய்ந்து கவ்வியபோது எஃகில் பட்டு ஈறில் இரத்தம் கசிந்ததால், பழைய சைக்கிள் டியூபை வெட்டி இறுக்கமாகச் சுற்றிவிட்டேன்.

பாம்பைத் தூக்கும் நாள்களில், எலி வாசம் போகக் கையைச் சோப்பால் கழுவி, கொக்கியால் அதன் உடலை மெல்லத் தொட்டு, இது இரை நேரமல்ல என்று உணர்த்திய பிறகே எடுக்கிறேன். இரை விழுங்கிய பின் 48 மணி நேரம் தொடுவதேயில்லை. ஊர்ச் சாரைப்பாம்புக்கு இந்த இடுக்கி சரிப்படுமா என்று கடையில் ஒருவர் கேட்டார். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடித்து வளர்ப்பதே குற்றம்.