விஎம்முக்கு எந்த சிபியு மாடல்: பாஸ்த்ரூவா, பெயர் சொன்ன மாடலா, ஹோஸ்ட்-மாடலா?

விஎம் (மெய்நிகர் கணினி) ஓடும் சர்வரான ஹோஸ்டில் மைக்ரோகோட் (ப்ராசஸருக்குள் இருக்கும் மென்பொருள்) புதுப்பித்தாயிற்று, கெர்னலும் புதிது. ஆனாலும் லினக்ஸ் விஎம்முக்குள் போய், கெர்னல் தரும் வல்னரபிலிட்டீஸ் கோப்புகளில் எம்டிஎஸ் (இன்டெல் ப்ராசஸர்களின் ஒரு பாதுகாப்பு ஓட்டை) என்பதைத் திறந்தால், ‘வல்னரபிள்: கிளியர் சிபியு பஃபர்ஸ் அட்டெம்ப்டட், நோ மைக்ரோகோட்’ என்றே வருகிறது. ஒருமுறை இதோடு அரை நாள் மல்லுக்கட்டினேன். கோளாறு கெஸ்டில், அதாவது விஎம்முக்குள் ஓடும் சிஸ்டத்தில் இல்லை, நான் கொடுத்திருந்த சிபியு மாடலில் இருந்தது.

லினக்ஸ் கெர்னலின் விஎம் வசதியான கேவிஎம்மில் கெஸ்ட் பார்ப்பது நிஜ ப்ராசஸரை அல்ல, விஎம்மை ஓட்டும் கியூஎமு நிரல் எடுத்துக் காட்டும் அம்சப் பட்டியலை. 2019 மே மாதம் எம்டிஎஸ் ஓட்டை வெளிவந்தபோது வந்த எம்டி-கிளியர் கொடி (ப்ராசஸரில் ஒரு வசதி உண்டு என்று சொல்லும் குறி) அந்தப் பட்டியலில் இல்லையென்றால், ஹோஸ்டில் திருத்தம் இருப்பது கெஸ்டுக்குத் தெரிய வழியே இல்லை. அதனால்தான் ‘முயன்றேன், மைக்ரோகோட் இல்லை’ என்கிறது.

ஹோஸ்ட்-பாஸ்த்ரூ, கேவிஎம் தரக்கூடிய எல்லாக் கொடிகளையும் அப்படியே உள்ளே விடும். பாதுகாப்புக்கும் வேகத்துக்கும் இதுதான் முதலிடம். ஓடும் விஎம்மை நிறுத்தாமல் வேறு சர்வருக்கு மாற்றும் லைவ் மைக்ரேஷனில்தான் சிக்கல்: இரு பக்கமும் ஒரே ப்ராசஸர், ஒரே மைக்ரோகோட், ஒரே கெர்னலாக இருக்க வேண்டும். ஒற்றை சர்வர் வைத்திருப்பவர் வேறு எதையும் யோசிக்க வேண்டாம்.

வெவ்வேறு தலைமுறை சர்வர்கள் கலந்திருந்தால், அவற்றில் பழையதற்குப் பொருந்தும் மாடலைப் பெயர் சொல்லிக் கொடுக்க வேண்டும். மைக்ரேஷன் நிம்மதியாக நடக்கும், ஆனால் பாதுகாப்புக் கொடிகள் உங்கள் பொறுப்பு. பல இன்டெல் மாடல்களில் எஸ்எஸ்பிடி (இன்னொரு ப்ராசஸர் ஓட்டையின் திருத்தத்துக்கான கொடி), எம்டி-கிளியர் இரண்டையும் கையால் சேர்க்க வேண்டியிருக்கும். ஐவி பிரிட்ஜ், சாண்டி பிரிட்ஜ் மாடல்களில் பிசிஐடி என்ற கொடியும் விடுபட்டிருக்கும். அது இல்லாவிட்டால் மெல்ட்டவுன் என்ற ப்ராசஸர் ஓட்டைக்கான திருத்தம் வேலை செய்யும், ஆனால் விஎம் நன்றாகவே மந்தமாகும். வேகம் குறைந்ததற்கு டிஸ்க்கைத் திட்டுவதற்கு முன் கெஸ்டின் சிபியுஇன்ஃபோ கோப்பில் பிசிஐடி இருக்கிறதா என்று பாருங்கள்.

ஹோஸ்ட்-மாடல் நடுவழி. ஹோஸ்டுக்கு நெருக்கமான மாடலை, விஎம்களை நிர்வகிக்கும் மென்பொருளான லிப்வெர்ட்டே தேர்ந்தெடுத்து, விடுபட்ட கொடிகளையும் சேர்த்துவிடும். சில சர்வர்கள் சேர்ந்த சிறு கிளஸ்டருக்கு என் தேர்வு இதுதான். ஒரே நிபந்தனை, லிப்வெர்ட் பழையதாக இருக்கக் கூடாது. தனக்குத் தெரியாத கொடியை அதனால் சேர்க்க முடியாது.

எதையும் தேர்ந்தெடுக்காமல் விட்டால் வரும் கியூஎமு64 மாடலை உண்மையான வேலைக்கு வைக்கவே வைக்காதீர்கள். அதில் ஸ்பெக்டர் என்ற ப்ராசஸர் ஓட்டையின் திருத்தத்துக்கான கொடிகள்கூடக் கிடையாது.

சரி, மாடலை மாற்றியாயிற்று. கெஸ்டுக்குள் ரீபூட் கொடுத்தால் போதாது. பழைய கியூஎமு ப்ராசஸ்தான் தொடர்ந்து ஓடும். விஎம்மை முழுவதுமாக அணைத்து, மறுபடி தொடங்க வேண்டும். அன்று என் அரை நாளில் பாதி இதில்தான் போனது. அப்புறம் எம்டிஎஸ் கோப்பில் ‘மிட்டிகேஷன்: கிளியர் சிபியு பஃபர்ஸ்’ என்று வந்துவிடும். பக்கத்திலேயே ‘எஸ்எம்டி ஹோஸ்ட் ஸ்டேட் அன்நோன்’ என்றும் இருக்கும். அது எந்த மாடலைக் கொடுத்தாலும் போகாது. எஸ்எம்டி, அதாவது ஹைப்பர்த்ரெடிங் (ஒரு கோரை இரண்டாகக் காட்டும் வசதி), ஹோஸ்டில் ஓடுகிறதா என்று விஎம்முக்குள்ளிருந்து பார்க்க முடியாது, அதை ஹோஸ்டில்தான் முடிவு செய்ய வேண்டும்.