ஸ்பீக்கர் அளக்க யூஎஸ்பி மைக்கா, எக்ஸ்எல்ஆர் மைக்கா?

சொந்தமாக ஸ்பீக்கர் பெட்டி அடித்து, வூஃபருக்கு (கீழ் ஒலிகளுக்கான டிரைவர்) ஒரு ஆம்ப், ட்வீட்டருக்கு (மேல் ஒலிகளுக்கானது) ஒரு ஆம்ப், இரண்டுக்கும் முன்னால் ஒலியைப் பிரித்துத் திருத்தும் டிஎஸ்பி ஒன்று என்று ஆக்டிவில் இறங்கியவர்களுக்கு அடுத்த செலவு, ஒலியை அளக்கும் மைக். யூமிக்-1 மாதிரி நேரே கணினியில் செருகும் யூஎஸ்பி மைக் வாங்கலாம். இல்லையென்றால் டேட்டன் ஈஎம்எம்-6, பெரிஞ்சர் ஈசிஎம்8000 மாதிரி எக்ஸ்எல்ஆர் மைக்கும், அதற்கு 48 வோல்ட் ஃபான்டம் மின்சாரம் தந்து கணினியோடு இணைக்கும் இரண்டு சேனல் ஆடியோ இன்டர்ஃபேஸும். நான் வாங்கியது எக்ஸ்எல்ஆர். அந்தப் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன்.

வசதியில் யூஎஸ்பி முன்னால். ஒரே கேபிள். மைக்கின் சீரியல் எண்ணுக்கு உரிய கேலிபரேஷன் கோப்பை (அந்த மைக்கின் பிழைத்திருத்தம்) ரூம் ஈக்யூ விஸார்ட் என்ற அளவீட்டு மென்பொருளில் கொடுத்தால் டெசிபல் அளவே நேரடியாக வந்துவிடும். எக்ஸ்எல்ஆரில் அதற்குத் தனியாக மீட்டர் வேண்டும். ஆனால் ஈக்யூ போட, அதாவது எந்த ஒலி கூடுதல், எது குறைவு என்று பார்த்துச் சரிசெய்ய, ஒப்பளவு போதும் என்பதால் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

என்னை முடிவெடுக்க வைத்தது நேரக் கணக்கு. வூஃபர் விட்டு ட்வீட்டர் எடுத்துக்கொள்ளும் இடமான கிராஸ்ஓவர் 2 கிலோஹெர்ட்ஸில் என்றால் அங்கே அலைநீளம் சுமார் 17 செ.மீ. வூஃபரின் கூம்பு உள்வாங்கியிருப்பதால் அதன் ஒலி 3 செ.மீ. பின்னாலிருந்து கிளம்பினாலே இரண்டு ஒலியின் ஃபேஸ் (அலைகள் ஏறி இறங்கும் நேரம்) 60 டிகிரிக்கு மேல் விலகிவிடும். கிராஸ்ஓவருக்குப் பரவலாகப் போடும் 24 டெசிபல் லிங்க்விட்ஸ்-ரைலி ஃபில்டரில் கிராஸ்ஓவர் இடத்தில் ஏறக்குறைய ஒன்றரை டெசிபல் பள்ளம் விழும். அதை ஈக்யூவில் தூக்கினால் மைக் இருக்கும் உயரத்தில் கோடு நேராகிவிடும். எழுந்து நின்று கேட்டால் பிசகு அப்படியே இருக்கும். சரியான மருந்து ட்வீட்டருக்கு 0.09 மில்லிசெகண்ட் தாமதம். அந்த எண்ணைக் கண்டுபிடிக்க இரண்டு டிரைவரையும் தனித்தனியே, மைக்கை அசைக்காமல், ஒரே கடிகாரத்தில் அளக்க வேண்டும்.

இன்டர்ஃபேஸில் இது சுலபம். இடது அவுட்புட் டிஎஸ்பிக்கு, மைக் முதல் இன்புட்டில், வலது அவுட்புட்டிலிருந்து ஒரு கால் இஞ்ச் கேபிள் நேரே இரண்டாவது இன்புட்டுக்கு. இப்படித் திரும்பி வரும் இணைப்புக்குப் பெயர் லூப்பேக். மென்பொருளில் அதைத் தேர்ந்தெடுத்தால் ஒவ்வொரு ஸ்வீப்பும் (கீழிருந்து மேல்வரை ஓடும் சோதனை ஒலி) அதை வைத்தே நேரம் கணக்கிடும். யூஎஸ்பி மைக்கின் கடிகாரம் வேறு, ஒலி போகும் சவுண்ட் கார்டின் கடிகாரம் வேறு, அதனால் இந்த வழி அங்கே ஒத்துவராது. அதற்கு மாற்றாக, ஒவ்வொரு ஸ்வீப்புக்கும் முன்னால் இன்னொரு ஸ்பீக்கர் ஒரு சிறு கீச்சொலி எழுப்பி நேரம் குறிக்கும் வசதி உண்டு. இரண்டு பெட்டியும் முடித்தவர்களுக்கு அது நன்றாகவே வேலை செய்யும். ஒரு பெட்டி மட்டும் தச்சனிடமிருந்து வந்திருக்கும் கட்டத்தில்தான் திண்டாட்டம்.

எந்த மைக்கானாலும் அறை மாறாது. 3 மீட்டர் கூரை, பாதி உயரத்தில் ட்வீட்டர், 1 மீட்டரில் மைக் என்றால் நேரடி ஒலி வந்த 6 மில்லிசெகண்டில் முதல் எதிரொலி வந்துவிடும். அதை வெட்டினால் 160 ஹெர்ட்ஸுக்குக் கீழே காட்டுவதை நம்ப முடியாது. கீழே உள்ளதை மைக்கை வூஃபருக்கு ஒட்டி வைத்து அளக்க வேண்டும். ஃபேனை நிறுத்திவிடுங்கள், வியர்த்தாலும் பரவாயில்லை.

இரண்டு டிரைவர் மட்டும் உள்ள டூ-வே அளவில்தான் என் அனுபவம். நடு ஒலிக்கு மிட் என்று இன்னொரு டிரைவரும் உள்ள த்ரீ-வேயில் மிட், வூஃபர் சேருமிடம் சில நூறு ஹெர்ட்ஸில் இருப்பதால் அங்கே 3 செ.மீ. பெரிய விஷயமாக இருக்காது என்று கணக்கு சொல்கிறது, அளந்து பார்த்ததில்லை. கடையில் வாங்கிய ஸ்பீக்கருக்கு பாஸ் முகடுகளை மட்டும் வெட்டப் போகிறவர் யூஎஸ்பியே வாங்கலாம், இந்தக் கேபிள் சிக்கலெல்லாம் அவருக்குத் தேவையில்லை.