மரக் காரோடு ஏழு வருடம்

மழைக்காலத்தில் என் காரின் இடது பின்கதவை ஒரே தள்ளில் சாத்த முடியாது. இடுப்பால் ஒரு முட்டு முட்ட வேண்டும். வெயில் காலத்தில் அதே கதவு சாத்திய பிறகும் லேசாக ஆடும். பழைய வீட்டு நிலைக்கதவோடு வாழ்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. காரிலும் இப்படி நடக்கும் என்று ஒருவர் முன்கூட்டியே சொன்னார், நான்தான் காதில் வாங்கவில்லை. அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கார் 1930ஆம் வருடத்து ஃபோர்டு மாடல் ஏ, நான்கு கதவு செடான். இப்போது அதை செடான் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். பானெட்டும் மட்கார்டும் இரும்பு, எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் தடுப்புத் தகட்டிலிருந்து டிக்கி வரைக்கும் மரம். முன்னால் ஒரு ஃபோர்டு 302 வி-8, அதாவது எட்டு சிலிண்டர் எஞ்சின். கட்டி முடிக்க மூன்று வருடம் ஆனது. அதற்குப் பிறகு ஏழு வருடம், 31,000 கிலோமீட்டர் ஓட்டியாயிற்று. இப்படிக் கார் கட்டுகிறவர்கள் கட்டும்போது எடுத்த படங்களை ஆசையாகப் போடுகிறார்கள். ஐந்தாவது மழைக்குப் பிறகு கதவின் அடிப்பட்டி எப்படி இருக்கிறது என்று யாரும் காட்டுவதில்லை. இதை எழுத உட்கார்ந்தது அதற்காகத்தான்.

திட்டுவதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நல்ல செடானை வெட்டி நான் மரமாக்கவில்லை. மாடல் ஏ நான்கு கதவு செடான்களில் தகரத்துக்கு உள்ளே மரச்சட்டம் நிறைய உண்டு, தூண், கூரை விட்டம், கதவுக்குள் எல்லாம் மரம்தான். என்னிடம் வந்தபோது அந்த மரம் விரலால் அழுத்தினால் உதிர்ந்தது. கதவைத் திறந்தால் கீலோடு தூணும் சேர்ந்து வந்தது. தகரமும் கீழ்ப்பாதி போய்விட்டது. உள்ளே எப்படியும் முழுச் சட்டத்தையும் புதிதாகச் செய்ய வேண்டும், செய்து அதைத் தகரத்துக்குள் ஏன் ஒளித்து வைக்க வேண்டும் என்று ஒரு ராத்திரி தோன்றியது. அவ்வளவுதான்.

இது ஒன்றும் அந்தக் காருக்கு அந்நியமான வேஷமும் இல்லை. இதே மாடல் ஏவில் 1929லேயே மர உடம்பு ஸ்டேஷன் வேகனை ஃபோர்டு விற்றது. மிச்சிகனில் அயர்ன் மவுன்டன் பக்கம் சொந்தக் காடும் மர ஆலையும் வைத்திருந்த கம்பெனி அது. அமெரிக்கர்கள் செல்லமாக 'வுடி' என்று கூப்பிடுவது அந்த வண்டிகளைத்தான். ஹாட் ராட், அதாவது பழைய காரை வேகத்துக்காக மாற்றிக் கட்டுவது, அந்தப் பக்கமும் இதே பழைய ஃபோர்டுகள்தான். கலிஃபோர்னியாப் பையன்கள் வேண்டாத இரும்பையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டு, மியூராக் மாதிரி வறண்ட ஏரிப் படுகைகளில் விரட்டினார்கள். 1932ல் ஃபோர்டு மலிவாக ஒரு வி-8 கொண்டுவந்ததும் அந்தப் பைத்தியம் முற்றியது. வுடி, ஹாட் ராட் இரண்டையும் ஒரே சேசிஸில், காரின் அடிச்சட்டத்தில், சேர்ப்பது பேராசை என்று தெரிந்தேதான் இறங்கினேன்.

சட்டத்துக்கு ஆஷ் மரம், பலகைக்கு மகோகனி ஒட்டிய மரைன் பிளைவுட். தேக்கு ஏன் போடவில்லை என்று பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். தேக்கு மக்காது, உண்மை. ஆனால் அதில் இருக்கும் எண்ணெய் பசையைப் பிடிக்க விடாது, ஒவ்வொரு மூட்டையும் ஒட்டுவதற்கு முன் அசிட்டோனால் துடைக்க வேண்டும். வளைப்பதற்கும் ஆஷ் அளவுக்கு இணங்காது. ஆஷ் வளையும், அதிர்ச்சி தாங்கும், கோடரிக் காம்பும் பேஸ்பால் மட்டையும் அதில் செய்வது சும்மா இல்லை. இங்கிலாந்தின் மார்கன் கார் கம்பெனி இன்றைக்கும் காருக்குள் ஆஷ் சட்டம்தான் வைக்கிறது. அதன் ஒரே பாவம், ஈரத்தில் விட்டால் சீக்கிரம் மக்கும். இந்த ஏழு வருடத்தில் எனக்கு வந்த தலைவலியில் முக்கால் பங்கு அந்த ஒரு குணத்திலிருந்து வந்ததுதான்.

வளைக்கும்போது நடந்ததையும் சொல்ல வேண்டும். பின்மூலைத் தூண்களுக்காக நீராவிப் பெட்டி செய்தேன். ஒரு அங்குலத் தடிமனுக்கு ஒரு மணி நேரம் என்பது கணக்கு. கணக்குப்படி அவித்து, அச்சில் வைத்து வளைத்தேன். மூன்று கட்டையும் படார் படார் என்று ஒடிந்தன. சூளையில் உலர்த்திய மரம் அது. அப்படிப்பட்ட மரம் நீராவிக்கு லேசில் வளையாது, காற்றில் காய்ந்த மரம் வேண்டும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். கூரை விளிம்பு செய்யும்போது எனக்குப் புத்தி வந்து, 3 மில்லிமீட்டர் பட்டைகளை எட்டு அடுக்காகப் பசை போட்டு அச்சில் இறுக்கினேன். இருக்கிற எல்லா கிளாம்பும் போதாமல் இரவல் வாங்கினேன்.

இனி ஓட்டிய அனுபவம்.

முதல் ராத்திரிப் பயணத்திலேயே பின்னால் வந்தவர் ஹார்ன் அடித்து நிறுத்தினார். இடது இண்டிகேட்டர் போட்டால் பின்னால் இருக்கிற எல்லா விளக்கும் மங்கி மங்கி எரிகிறது என்றார். ஒரு மணி நேரம் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு தேடினேன். காரணம் தெரிந்ததும் சிரிப்பு வந்துவிட்டது. இரும்பு உடம்பில் விளக்கின் எர்த் அந்த உடம்பு வழியாகவே பேட்டரிக்குத் திரும்பிவிடும். இது மரம், திரும்ப வழி ஏது? கரன்ட் பக்கத்து பல்பின் இழை வழியாகச் சுற்றிப் போய் வழி தேடியிருக்கிறது. ஒவ்வொரு விளக்குக்கும், வைப்பர் மோட்டாருக்கும், பெட்ரோல் மிதவைக்கும் தனி எர்த் ஒயர் இழுத்து சேசிஸில் சேர்த்த பிறகுதான் சரியானது. மரக் கார் செய்ய நினைக்கிறவர்கள் ஒயரிங் நீளத்தை இரண்டு மடங்காகப் போட்டுக்கொள்ளுங்கள். இரும்பு மறைப்பு இல்லாததால் ரேடியோவில் எஞ்சின் இரைச்சலும் சேர்ந்து பாடும். நான் ரேடியோவையே கழற்றிவிட்டேன்.

இரண்டாவது பாடம் கொஞ்சம் வலித்தது. மாடல் ஏவின் சொந்த எஞ்சின் 40 குதிரைசக்திதான். அதற்கென்று செய்த சேசிஸ் மெல்லிய 'சி' வடிவச் சட்டம், முறுக்குவதற்கென்றே செய்தது மாதிரி. உள்பக்கம் தகடு வைத்து வெல்டிங் செய்து பெட்டியாக்கியிருந்தேன், அதனால் அசையாது என்று நினைத்து மர உடம்பை நேரடியாக போல்ட் போட்டு இறுக்கிவிட்டேன். ஆறாவது மாதம் ஒரு வேகத்தடையில் ஒரு சக்கரம் முதலில் ஏற, பின்தூண் மூட்டில் முறுக்கு உடைகிற மாதிரி ஒரு சத்தம். கழுந்து, மூட்டுத் துளைக்குள் நுழையும் மரமுனை, பிளந்திருந்தது. பசை விடவில்லை, மரமே கிழிந்திருந்தது. உடம்பு முழுவதையும் தூக்கி, ஒவ்வொரு போல்ட்டின் அடியிலும் ரப்பர் திண்டு வைத்தேன். அதற்குப் பிறகு மூட்டு எதுவும் பிளக்கவில்லை.

வார்னிஷ் விஷயத்தில் நான் செய்தது சுத்த முட்டாள்தனம். தரைக்கு அடிக்கிற கடினமான பாலியூரிதேன் பளபளவென்று இருந்ததால் அதையே அடித்தேன். மரம் மழைக்கு விரிந்து வெயிலுக்குச் சுருங்கும், அந்தப் பூச்சு அதோடு போகாது. இரண்டாவது வருடம் மூட்டுகளில் மயிரிழை மாதிரி வெடிப்பு. அதற்குள் தண்ணீர் போய், பூச்சு பிளாஸ்டிக் தாள் மாதிரி உரிந்தது. அடியில் கறுப்புக் கோடுகள். சில இடங்களில் அவசரத்துக்கு சாதாரண இரும்புத் திருகாணி போட்டு மேலே மரக்குமிழ் வைத்து மூடியிருந்தேன், அவை ஒவ்வொன்றையும் சுற்றி மசி கொட்டினாற்போல் ஒரு வட்டம். துருவும் ஈரமும் சேர்ந்த வேலை.

முழுவதையும் சுரண்டினேன். கறைக்கு ஆக்சாலிக் அமிலம், கையுறையும் முகமூடியும் போட்டுக்கொண்டு, பிறகு நன்றாகக் கழுவி. திருகாணிகளை சிலிகான் வெண்கலத்துக்கு மாற்றினேன். மரத்தின் வெட்டு முனைகள்தான் தண்ணீரை உறிஞ்சும் வாய், அங்கே மெல்லிய எப்பாக்ஸியைக் குடிக்கிற வரை குடிக்கவிட்டேன். எப்பாக்ஸி தனியாக வெயில் தாங்காது, மஞ்சளாகி மாவாகிவிடும். அதனால் அதன்மேல் படகுக்காரர்கள் அடிக்கிற ஸ்பார் வார்னிஷ், பத்து கோட், கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவில் 320 உப்புத்தாள். அது வளைந்து கொடுக்கும், வெயிலையும் ஓரளவு தடுக்கும். அப்புறம் வருடா வருடம் மேலாகத் தேய்த்து இரண்டு கோட். நான்கு நாள் வேலை, தூசி பறக்காத நாளாகப் பார்க்க வேண்டும். இதை இழுத்துப் போட்டுச் செய்ய மனசில்லாதவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். அந்தக் காலத்து வுடிகளையும் இப்படித்தான் வருடத்துக்கு ஒருமுறை பூசச் சொல்வார்கள். வாங்கியவர்கள் செய்யவில்லை, இரும்பு வேகன் மலிவாக வந்தது, கதை முடிந்தது. அமெரிக்காவில் நிஜ மரம் வைத்த கடைசித் தொழிற்சாலை வேகன் 1953 ப்யூயிக். இங்கிலாந்தில் மாரிஸ் மைனர் டிராவலர் மட்டும் ஆஷ் சட்டத்தோடு 1971 வரை வந்தது.

இப்போது அந்தக் கதவு. மூட்டு வெட்டக் கற்றுக்கொடுத்தவர் வயதான தச்சர் ஒருவர், வாழ்நாள் முழுக்கக் கதவு ஜன்னல் செய்தவர். நான் கதவு இடுக்கை 2 மில்லிமீட்டருக்குச் செதுக்கி, இரும்புக் காரைவிட நேர்த்தி என்று காட்டினேன். அவர் இடுக்கில் நகத்தை விட்டுப் பார்த்துவிட்டு, "அஞ்சு விடு தம்பி. மழைக்கு எங்கே போகும் அது?" என்றார். கார் தொழில் இவருக்கென்ன தெரியும் என்று நினைத்தேன். முதல் மழையில் நான்கு கதவும் இறுகின. மூன்றை இழைப்புளி போட்டு 5க்குக் கொண்டுவந்தேன். இடது பின்கதவை மட்டும் விட்டு வைத்தேன், அதில் மரத்தின் வரி அவ்வளவு அழகு, விளிம்பைத் தொட மனம் வரவில்லை. அதனால்தான் இன்றைக்கும் இடுப்பு முட்டு.

சத்தம் உண்டு. காலையில் குளிரில் எடுத்தால் கட்டில் மாதிரி முனகும், அரை மணியில் அடங்கும். ஒரே ஒரு கிறீச் மட்டும் மூன்று மாதம் தூங்க விடவில்லை. கீல், இருக்கை, தரை எல்லாவற்றையும் கழற்றினேன். கடைசியில் கூரைப் பட்டை ஒன்று விளிம்போடு உரசியிருக்கிறது. மெழுகுவர்த்தியைத் தேய்த்தேன், போய்விட்டது.

பாதுகாப்பு பற்றிச் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். மரம் மோதலில் நசுங்கி வேகத்தை வாங்கிக்கொள்ளாது, சிராய் சிராயாகக் கிழியும். சீட் பெல்ட்டை மரத்தில் மாட்டவே கூடாது. நடுத்தூணுக்குள் சேசிஸோடு வெல்டிங் செய்த இரும்பு வளையம் ஒன்றை ஒளித்து வைத்திருக்கிறேன், பெல்ட் எல்லாம் அதில்தான். பழைய கம்பி பிரேக்கைக் கழற்றி ஹைட்ராலிக், முன்னால் டிஸ்க். வி-8ன் முழு பலத்தையும் நான் எப்போதும் கேட்பதில்லை. மரம் லேசு என்கிற நினைப்பும் தப்பு, காய்ந்த ஆஷ் ஒரு கன மீட்டருக்கு 650 கிலோவுக்கு மேல் வரும். சைலென்சர் பைப்புக்கும் மரத்தரைக்கும் நடுவில் காற்று இடைவெளி விட்டுத் தகடு போடாதவர் நெருப்போடு விளையாடுகிறார்.

கரையான் வராதா என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் கேட்கிறார்கள். ஓட்டிக்கொண்டே இருந்தால் அதுக்கு ஏற நேரம் ஏது என்று சொல்லி வைத்திருக்கிறேன். குழந்தைகள் தட்டிப் பார்ப்பார்கள். பெரியவர்களும் தட்டுவார்கள், யாரும் பார்க்காதபோது.

போன மாதம் கழுவும்போது வலது முன்கதவின் அடிப்பட்டியில் பெருவிரல் லேசாக அமுங்கியது. தண்ணீர் வடியும் துளையில் இலைக்குப்பை அடைத்திருந்திருக்கிறது, கவனிக்காதது என் தப்பு. அந்தப் பட்டி போய்விட்டது, மாற்ற வேண்டும். புதுக் கட்டையை அறுத்துக் கூரைக்கடியில் காயப் போட்டிருக்கிறேன். ஈரமானி நேற்று 14 சதவீதம் காட்டியது. 10க்கு வந்ததும் உளியை எடுப்பேன்.